ஷியா பட்டர் தரமானது, அளவுத் தாள் தவறானது: அரைக்கிலோ டப்பா ஒன்றின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் சோப்பும் களிம்பும் செய்வதற்கான பொருள்களை விற்கும் ஒரு சிறு கடையில், ஆப்பிரிக்க மரக்கொட்டைக் கொழுப்பான ஷியா பட்டர், சுத்திகரிக்கப்படாத வகையில், அரைக்கிலோ டப்பாவாகக் கிடைக்கிறது. விலை ஐந்நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. டப்பாவுடன் 240 மில்லி கொள்ளும் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றும், 15 மில்லி, 5 மில்லி கரண்டிகள் இரண்டும், தமிழில் அச்சிட்ட ஓர் அளவுத் தாளும் இலவசமாகத் தருகிறார்கள். உதட்டுக் களிம்பு, பித்தவெடிப்புக் களிம்பு, குளியல் சோப்பு ஆகியவற்றை வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சேர்த்த தொகுப்பு இது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. பட்டர் நன்றாக இருக்கிறது. கோப்பையும் கரண்டிகளும் தங்கள்மேல் எழுதியுள்ள அளவைச் சரியாகவே கொள்கின்றன. அளவுத் தாள் மட்டும் அடியிலிருந்து நுனி வரை தவறு. அதை நம்பிச் சோப்புக் காய்ச்சினால் தோலைக் கடிக்கும் சோப்பு கிடைக்கக்கூடும் என்பதால், பட்டரைப் பற்றிச் சுருக்கமாகவும் தாளைப் பற்றி விரிவாகவும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பட்டர். வெளிர் மஞ்சளாக, லேசான புகை வாசமும் வறுத்த கொட்டையின் வாசமும் கலந்து இருக்கிறது; சுத்திகரிக்காத பட்டருக்கு இது இயல்பே. வெள்ளை வெளேரென்று, வாசமே இல்லாமல் இருப்பது சுத்திகரித்த வகை. டப்பாவின் மேலுள்ள சீட்டில் பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. பாரஃபினோ வேறு எண்ணெயோ கலந்ததாக எழுதவில்லை. கானா, புர்கினா ஃபாசோ, மாலி, நைஜீரியா எனச் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே பரந்து கிடக்கும் புல்வெளிக் காடுகளில் வளரும் மரத்தின் கொட்டையிலிருந்து, பெரும்பாலும் பெண்களின் கை உழைப்பால் எடுக்கப்படும் கொழுப்பு இது. தாவரவியலார் இப்போது அம்மரத்தை விடெல்லாரியா பாரடாக்ஸா என்று அழைத்தாலும், அழகுப்பொருள் சீட்டுகளில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரிலுள்ள பார்க், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நைஜர் ஆற்றைத் தேடிப் போன ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க். நம் ஊர்க் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் கொடுத்த இலுப்பையும் இதே குடும்பத்து மரம்தான். ஆகவே இந்தப் பட்டர் நம் கைகளுக்கு அவ்வளவு அந்நியமான சரக்கு அல்ல.

டப்பாவைத் திறந்ததும் பலர் ஏமாற்றமடைகிறார்கள். மேலே ஒரு விரல் அளவு வெற்றிடம் இருக்கிறது, நடுவில் குழியும் விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மதினி வாங்கிய டப்பாவிலும் அப்படியே இருந்ததால், கடைக்காரர் எடையில் கைவைத்துவிட்டார் என்றே அவர் முடிவு கட்டினார். வெறும் டப்பாவின் எடையைக் கழித்து நிறுத்தபோது 500 கிராமுக்குக் குறையவில்லை. உருக்கி ஊற்றும் கொழுப்பு ஆறி உறையும்போது சுருங்கும். ஓரங்கள் முதலில் இறுகுவதால், கடைசியில் இறுகும் நடுப்பகுதி கீழே இறங்கிக் குழியாகிறது. கண்ணுக்குத் தெரியும் நிரப்பளவை வைத்து எடையைச் சொல்ல முடியாது என்பதற்கு டப்பாவே சாட்சி சொல்லும்போது, உடன் வரும் தாள் அதையே செய்யச் சொல்கிறது.

தாளில் உள்ளது இதுதான்: ஒரு கோப்பை ஷியா பட்டர் 240 கிராம், அரைக்கோப்பை 120 கிராம், மேசைக்கரண்டி 15 கிராம், தேக்கரண்டி 5 கிராம். அதாவது மில்லி என்ற இடத்தில் கிராம் என்று மாற்றியதைத் தவிர வேறெந்தக் கணக்கும் அங்கே நடக்கவில்லை. தண்ணீருக்கு இது பொருந்தும். ஒரு மில்லி தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம். எண்ணெயும் கொழுப்பும் தண்ணீரில் மிதக்கின்றன என்றால், அதே கோப்பை அளவுக்கு அவை தண்ணீரைவிட எடை குறைந்தவை என்றுதான் பொருள். இதை அறியாதவர் நம் பக்கத்தில் யாருமில்லை. செக்கு எண்ணெய்க் கடையில் பாத்திரத்தை நீட்டினால் “கிலோவா, லிட்டரா?” என்ற கேள்வி வருகிறது, ஒரு கிலோ நல்லெண்ணெய் ஒரு லிட்டரைத் தாண்டி நிற்கும் என்பதைக் கணக்குப் படிக்காத ஆச்சிகளும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நிறுத்தல் வேறு, முகத்தல் வேறு என்று தெரிந்த ஊரில் அச்சான தாளில் இப்படியொரு பிழை இருப்பது வியப்பாக இருக்கிறது.

உருகிய ஷியா பட்டரின் அடர்த்தி, கை பொறுக்கும் வெதுவெதுப்பில், மில்லிக்கு ஏறத்தாழ 0.91 கிராம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் தாளே தேவையில்லை. மில்லியைக் கிராமாக்க 0.91 ஆல் பெருக்க வேண்டும். கிராமை மில்லியாக்க 0.91 ஆல் வகுக்க வேண்டும். அவ்வாறு பார்த்தால் 240 மில்லிக் கோப்பை நிறைய உருகிய பட்டர் 218 கிராம்தான், தாள் சொல்வதைவிட 22 கிராம் குறைவு. மேசைக்கரண்டிக்குப் பதினைந்து கிராம் அல்ல, பதின்மூன்றரையைச் சற்றே தாண்டும், தேக்கரண்டிக்கு நாலரை. மறுபக்கமாக, செய்முறையில் 100 கிராம் என்றிருந்தால் உருக்கிய பின் 110 மில்லி எடுக்க வேண்டும். டப்பா முழுவதையும் உருக்கினால் அது அரை லிட்டரில் அடங்காது, 550 மில்லி வரை வரும். மனக்கணக்கில் போடுகிறவர்கள் மில்லியில் பதினொன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கிராம் என்று வைத்துக்கொண்டாலும் விடை கிட்டத்தட்ட இதேதான்.

உருகிய என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாளில் பட்டர் எந்த நிலையில் அளக்கப்பட வேண்டும் என்ற குறிப்பே இல்லை. உடன் வந்த அதே கோப்பையில் கட்டியைக் கரண்டியால் வெட்டி அள்ளிப் போட்டு விளிம்போடு வழித்து நிறுத்தபோது, இடையிலுள்ள காற்றுச் சந்துகளால் 170 கிராம் அளவே நின்றது. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தபோது 210 கிராமைத் தாண்டியது. மத்தால் கடைந்து நுரைக்க வைத்த பட்டரோ, கோப்பை நிறைய இருந்தும் 120 கிராமை எட்டவில்லை. கோப்பை ஒன்று, பட்டரும் ஒன்று. அள்ளுகிற கையைப் பொறுத்து எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நுரைக்க வைத்த பட்டரை விற்கும் சிலர் டப்பாவின் மேல் மில்லியை மட்டும் எழுதுவதன் லாபம் எங்கே இருக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். நான் மதிப்பிடும் டப்பாவின் மேல் கிராம்தான் இருக்கிறது. அதற்காகக் கடைக்காரரைப் பாராட்டலாம்.

உருக்கிய பின்னும் சூடு ஒரு கணக்கைக் கேட்கும். சூடேறினால் எண்ணெய் விரியும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கியவுடன் அளந்த கோப்பையில், ஆறவிட்டு அளந்த கோப்பையைவிடக் குறைவான எடையே இருக்கும். இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு நமக்கு ஓர் அரசு ஆவணமே கிடைத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, சமையல் எண்ணெய் நிறுவனங்கள் பொட்டலத்தின் மேல் வெப்பநிலையைச் சேர்த்து லிட்டர் கணக்கை எழுதும் வழக்கத்தை விட்டு, வெப்பநிலை குறிப்பிடாத கொள்ளளவோடு எடையையும் எழுத வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்ற கணக்கை அப்போது அத்துறையே எடுத்துக்காட்டியது. அறுபது டிகிரி என்று எழுதிவிட்டால் லிட்டருக்கு இருபத்தைந்து கிராமுக்கு மேல் குறைத்து ஊற்றலாம் அல்லவா! ஷியா பட்டரும் ஏறக்குறைய இதே அளவில்தான் விரிகிறது. எனவே கொதிக்கக் கொதிக்க அளப்பவர் இரண்டு, மூன்று சதவீதம் இழக்கிறார். முழுதும் உருகிக் கட்டியில்லாமல் தெளிந்த பின், பாத்திரத்தைத் தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அளந்தால் 0.91 என்ற எண் பொருந்தும்.

தாளின் கடைசி வரி இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. “8 அவுன்ஸ் = 1 கோப்பை” என்று அங்கே அச்சாகியிருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகளில் அவுன்ஸ் என்ற பெயரில் இரண்டு அளவுகள் உலவுகின்றன. ஒன்று எடை, 28.35 கிராம், மற்றொன்று திரவ அளவு, 29.57 மில்லி. எட்டுத் திரவ அவுன்ஸ் கொண்ட அமெரிக்கக் கோப்பை 236.6 மில்லி, அதில் பிடிக்கும் உருகிய ஷியா பட்டர் 215 கிராம், அதாவது எடை அவுன்ஸில் ஏழரையைச் சற்றே தாண்டும். எட்டு எடை அவுன்ஸ் பட்டர் வேண்டுமென்றால் 227 கிராம், உருக்கினால் 249 மில்லி. கடையில் கிடைத்த 240 மில்லிக் கோப்பையில் அது வழிந்துவிடும். அமெரிக்கக் கோப்பை 236.6 மில்லி, மெட்ரிக் கோப்பை 250 மில்லி, இந்தக் கடையின் கோப்பை இரண்டுக்கும் நடுவில். நம் பாட்டிமார் காலத்துப் படியும் ஊருக்கு ஊர் மாறியதுதான். ஆனால் படிக்கு நான்கு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு என்ற உள்கணக்கு மாறவில்லை, அளந்தவரும் வாங்கியவரும் ஒரே சந்தையில் நின்றார்கள். இணையத்தில் எடுத்த செய்முறைக்கு அந்த வசதி இல்லை. அவுன்ஸ் என்று வெறுமனே எழுதியிருந்தால், அந்தச் செய்முறையில் தேன்மெழுகு போன்ற திடப்பொருளும் அவுன்ஸில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது எடை அவுன்ஸாகவே இருக்கும்.

களிம்பில் இந்தப் பிழைகள் பெரிய தீங்கு செய்வதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஷியா பட்டரும் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த உதட்டுக் களிம்பில் பத்துக்கு ஒரு பங்கு பட்டர் குறைந்தால், களிம்பு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் அது ஒருவகையில் நல்லதும்கூட. சோப்பு அப்படியல்ல. அங்கே கொழுப்பைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடா ஒவ்வொரு கொழுப்புக்கும் தனித்தனிக் கணக்கில் போகிறது: ஒரு கிராம் ஷியா பட்டருக்கு 0.128 கிராம், தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134 என்ற அளவில். தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 180 கிராம், ஷியா பட்டர் 120 கிராம் கொண்ட ஒரு சாதாரணச் செய்முறையை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சோடா 76 கிராம் வரும். தோலுக்கு மென்மையாக இருக்க ஐந்து சதவீதக் கொழுப்பு மிஞ்சும்படி சோடாவைக் குறைத்தால் 72 கிராம். இப்போது ஒருவர் தாளை நம்பி மூன்று எண்ணெய்களையும் கிராமுக்கு மில்லி என்று அளந்து ஊற்றினால், பாத்திரத்தில் உண்மையில் விழுவது தேங்காய் எண்ணெய் 184 கிராம், ஆலிவ் எண்ணெய் 164 கிராம், ஷியா பட்டர் 109 கிராம். இந்த அளவு கொழுப்பு முழுவதையும் சோப்பாக்க 70 கிராம் சோடாவே போதும். மீதி இரண்டு கிராமுக்கு மேல் சோடா, சேர்வதற்குக் கொழுப்பில்லாமல் சோப்புக் கட்டிக்குள் தங்கிவிடும். மிஞ்ச வேண்டிய கொழுப்பும் மிஞ்சாது, மிஞ்சக் கூடாத காரம் மிஞ்சும். எத்தனை வாரம் உலரவைத்தாலும் இது சரியாகிவிடும் என்று நம்பிக் குழந்தைகளுக்குத் தேய்க்கக் கூடாது.

ஷியா பட்டரை மட்டும் கோப்பையில் அளந்து, மற்ற எண்ணெய்களை நிறுத்தவருக்கு ஆபத்து இந்த அளவுக்கு இல்லை. பதினொரு கிராம் குறையும், ஐந்து சதவீதப் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கரையும். ஆனால் காஸ்டிக் சோடாவைக் கோப்பையில் அளப்பவர் யாரும் இல்லை, இருக்கவும் கூடாது. சோடாவுக்காக ஏற்கெனவே வீட்டில் ஒரு மின்னணுத் தராசு இருக்கும்போது, பட்டருக்கு மட்டும் கோப்பையைத் தேடுவது எதற்காக? பட்டர் தட்டில் ஒட்டும், கரண்டியில் ஒட்டும், வீணாகும் என்பதே பலரும் சொல்லும் காரணம். காய்ச்சப் போகும் பாத்திரத்தையே தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, டப்பாவிலிருந்து நேராக அதில் வெட்டிப் போட்டால் ஒட்டுவதற்கு இடமே இல்லை. கோப்பையில் உருக்கி அளப்பதில்தான் ஒரு பாத்திரம் கூடுதலாக எண்ணெய்ப் பிசுக்காகிறது, கோப்பையின் சுவரில் ஒட்டியதும் கணக்கில் குறைகிறது.

கடைக்குப் போய்த் தாளைக் காட்டி, “அண்ணாச்சி, இதுல கிராமும் மில்லியும் ஒண்ணாப் போட்டிருக்கே” என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. “அச்சடிச்சவன் தண்ணிக் கணக்குல போட்டிருக்கான்மா. வாங்குறவங்க எல்லாரும் எத்தன கப்புன்னுதான் கேக்காக, கிராம்னு சொன்னா வெறுங்கையோட திரும்பிப் போயிருதாக” என்றார். அவர் பக்க நியாயமும் புரிகிறது. சோப்புச் செய்யும் ஆசை ஒரு கைப்பேசிக் காணொளியைப் பார்த்து மாலையில் பிறக்கிறது. அந்த மாலையில் வீட்டில் தராசு இருப்பதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, தராசில்லாத வீட்டுக்குக் கோப்பை. இலுப்பையின் உறவுக்கார மரத்துப் பட்டரை அளக்கும்போது அந்தப் பழமொழி கூடுதலாகவே பொருந்துகிறது. அப்படியானால் அந்தக் கோப்பைக்கு ஏற்ற எண்ணையாவது தாளில் அச்சிட வேண்டாமா? 240 என்பதை 218 என்று மாற்றி, “உருக்கி, ஆறவிட்டு அளக்கவும்” என்று ஒரு வரி சேர்த்தால், பயனற்ற தாள் பயனுள்ள தாளாகிவிடும். அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்க்கிறேன் என்றார். நான் கடைசியாக வாங்கிய டப்பாவில் பழைய தாளே இருந்தது.

தராசு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாத்திரக்கடைகளில் கிடைக்கும் ஐந்து கிலோத் தராசு முழுக் கிராம்களாக மட்டுமே காட்டும். சோப்புக்கு அது போதும். நான்கைந்து கிராம் மட்டும் தேவைப்படும் உதட்டுக் களிம்புக்கு அது போதாது. நாலரைக்கும் ஐந்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அதற்கு நகைக்கடைக்காரர் மேசையில் காணும் சிறுதராசு வகையில், பத்தில் ஒரு கிராம் காட்டும் ஒன்று வேண்டும். அது இல்லாத நிலையில் மட்டும் இந்தத் தொகுப்பின் 5 மில்லிக் கரண்டி உண்மையிலேயே கைகொடுக்கிறது: உருகிய பட்டர் ஒரு கரண்டிக்கு நாலரை கிராம் என்று கொண்டால், முழுக் கிராம் மட்டும் காட்டும் தராசைவிடக் கரண்டியே துல்லியம். வேறு இடத்தில் வாங்கிய கோப்பையோ கரண்டியோ இருந்தால், அதில் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்க்கலாம். எத்தனை கிராம் தண்ணீரோ அத்தனை மில்லி கொள்ளளவு. அந்த எண்ணை 0.91 ஆல் பெருக்கினால் அந்தக் கோப்பைக்குரிய ஷியா பட்டர் எடை கிடைக்கும்.

நம் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷியா பட்டர் முப்பத்திரண்டு டிகிரியிலிருந்தே இளகத் தொடங்கி, நாற்பதைத் தாண்டி முழுதும் உருகும். சித்திரை, வைகாசியில் ஓட்டுவீட்டு அடுக்களையில் டப்பா பாதி உருகிய கூழாக நிற்கும். மேலே தெளிந்த எண்ணெயும் கீழே வெண்மையான மண்டியும் தனித்தனியாக இருக்கும். அந்த நிலையில் மேலாக அள்ளி எடுத்தால், எடை சரியாக இருந்தாலும் எடுத்தது பட்டரின் ஒரு பகுதிதான்: இளகிய ஒலிக் அமிலம் மிகுந்த பாகம் கைக்கு வரும், இறுகிய ஸ்டியரிக் அமிலம் மிகுந்த பாகம் டப்பாவின் அடியிலேயே தங்கிவிடும். பிறகு இரவில் மெல்ல ஆறும்போது மணல்போல நறநறவென்று பொரிந்துவிடும். கெட்டுப்போகவில்லை, முழுவதையும் உருக்கி, கிளறி, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை நிறுத்திச் சட்டென்று ஆறவிட்டால் பழையபடி வழவழப்பாகிவிடும். குற்றாலச் சாரல் பருவத்தில் இந்தத் தொல்லை இல்லை. டப்பாவின் மூடி இறுக்கமானதல்ல என்பதால் கோடையில் வாங்குகிறவர்கள் அதைப் பையில் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும்.

இதே பட்டர் அதே கடையில் ஒரு கிலோ டப்பாவாகவும் கிடைக்கிறது. அதில் கோப்பையும் இல்லை, கரண்டியும் இல்லை, தாளும் இல்லை. கிராம் கணக்கில் விலை சற்றே குறைவு. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைத் தராசுக்கு வைத்துக்கொள்ளலாம். களிம்பு மட்டும் செய்து பார்ப்பவர்களுக்கு அரைக்கிலோத் தொகுப்பே போதும். தாளில் 240 கிராம் என்றுள்ள இடத்தில் பேனாவால் 218 என்று திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.